ஃப்ரெட்டைப் பிடுங்கச் சொன்னவர்

1. செவ்வாய்க்கிழமை

குணா தன் பேஸ் கிட்டாரை என் மேசையில் வைத்தார்.

"ஃப்ரெட் எல்லாத்தையும் புடுங்கிடுங்கண்ணே."

நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேஸின் கழுத்தில் குறுக்கே இருபது கம்பிகள் பதித்திருக்கும். அதுதான் ஃப்ரெட். கம்பிக்குக் கொஞ்சம் பின்னால் விரலை அழுத்தினால் போதும், ஸ்வரம் சரியாக விழும். கம்பியே இல்லாத பேஸும் உண்டு. அதற்கு ஃப்ரெட்லெஸ் என்று பெயர். அதில் சத்தம் மனிதக் குரல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கேட்க நன்றாக இருக்கும், வாசிப்பவருக்கு வாசிக்கத் தெரிந்தால்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். மேருவில் ஒரு தொழிற்சாலையில் சோல்டரிங் வேலை செய்தேன். பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த இசைக்கருவிக் கடைக்கு வந்தேன். இருபத்தாறு வருடமாகக் கடையின் பின்பக்கம்தான் என் மேசை. கிட்டாரும் பேஸும் பழுது பார்க்கிறேன்.

குணா கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர். வார இறுதியில் கல்யாண விருந்துகளில் பேஸ் வாசிப்பார். பதினொரு வருடமாக ஒரே குழு. குழுவின் தலைவர் கீபோர்டு வாசிப்பவர், எல்லாருக்கும் அவர் மாஸ்டர். மூன்று வாரத்தில் வரும் நிகழ்ச்சியில், சென்னையிலிருந்து வரும் ஒரு பாடகிக்கு இந்தக் குழுதான் வாசிக்க வேண்டும். அந்த மேடையில் யார் பேஸ் வாசிக்கிறாரோ அவர்தான் அடுத்த வருடம் முழுக்க என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அது குணாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எதுக்கு புடுங்கணும்? நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

கைத்தொலைபேசியை நீட்டினார். திரையில் ஓர் அமெரிக்கக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஃப்ரெட்லெஸ் வாசித்தார். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ஆள்.

"இந்த சவுண்டுதான் வேணும்ணே. கண்ண மூடிக்கிட்டே வாசிக்கிறாரு பாருங்க."

பார்த்தேன்.

2. இவருக்கு முன் வந்தவர்கள்

குணாவை மட்டும் குறை சொல்ல முடியாது.

பழைய காலத்துப் பெரிய பேஸ்காரர் ஒருவர் சாகும்வரை ஸ்ட்ரிங், அதாவது மீட்டும் தந்தி, மாற்றவில்லை என்று ஒரு கதை உண்டு. பந்திங்கிலிருந்து ஒருவர் அதைக் கேட்டுவிட்டு நான்கு வருடம் ஸ்ட்ரிங் மாற்றவில்லை. துரு ஏறி விரலைக் கிழித்தது. கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "துரு மட்டும் போகணும்ணே, சவுண்டு போகக்கூடாது" என்றார்.

இன்னொரு பிரபலம், ஸ்ட்ரிங் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கத்தில் ஸ்ட்ரிங்குக்கு அடியில் ஸ்பான்ஜ் வைப்பாராம். சத்தம் மொத்தையாக, மெத்தென்று வரும். நல்ல யோசனைதான். ரவாங்கிலிருந்து வந்தவரும் வைத்திருந்தார், பாத்திரம் கழுவிய ஸ்பான்ஜை. பெட்டியைத் திறந்ததும் சம்பல் வாடை. ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஈரத்தில் பச்சை பூத்திருந்தது.

ராக் குழுக்காரர் ஒருவர் பேஸை முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டு வாசிப்பார். அவரைப் பார்த்துத் தொங்கவிட்ட ஒருவருக்கு மணிக்கட்டு போனது. ஆறு மாதம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டார். பேஸை மேலே ஏற்றவில்லை.

எல்லாரும் கடைசியில் ஒன்றையே சொல்வார்கள்: "அந்த சவுண்டு வரலண்ணே."

அந்தப் பெரிய ஆட்கள் என்ன ஸ்ட்ரிங், என்ன பிக்கப், என்ன ஆம்ப் என்று கேட்பார்கள். ஒருவர் என்ன சோப்பு போடுகிறார் என்றுகூடக் கேட்டார், கை வழுக்காமல் இருக்கிறதாம். தினமும் எவ்வளவு நேரம் வாசித்தார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

3. பிடுங்கியது

குணாவிடம் "நிகழ்ச்சி முடியட்டும்" என்றேன். முன்பக்கத்திலிருந்து முதலாளிக்குக் கேட்டுவிட்டது.

"கஸ்டமர் கேட்டா செஞ்சு குடு லா. நீ என்ன அவருக்கு மாமனாரா?"

வாயை மூடிக்கொண்டேன்.

சோல்டரிங் அயர்னால் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் சூடாக்கி, குறடால் மெல்லத் தூக்கி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மரம் பெயரும். இருபதும் எடுத்தேன். பள்ளங்களில் மெல்லிய மரச்சீவல் வைத்து அடைக்க வேண்டும்.

"வெள்ள மரம் வச்சு அடைக்கிறேன். கம்பி இருந்த எடத்துல கோடு தெரியும். பாத்து விரல் வைக்கலாம்" என்றேன்.

"கோடு வேணாம்ணே. அவரோடதுல கோடு இல்ல. கறுப்பா அடைச்சிடுங்க."

கறுப்பு மரத்தால் அடைத்தேன். தேய்த்து மெழுகு போட்டேன். வழவழவென்று வந்தது. எங்கே எந்த ஸ்வரம் என்று எனக்கே தெரியவில்லை.

குணா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். கண்ணை மூடினார். வாசிக்கவில்லை, நின்றார். பிறகு கொமுட்டர் ரயில் ஏறப் போய்விட்டார்.

4. கிள்ளானில் ரிஹர்சல்

அடுத்த ஞாயிறு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் ஒன்று இரைகிறது, வந்து பாருங்கள் என்றார். போனேன். கடைவீட்டு மாடியில் ஒரு ஹால். பாடகி முன்னதாகவே வந்திருந்தார். சின்னப் பெண், மரியாதையான பெண்.

முதல் பாட்டு தொடங்கியது. எனக்கு முதுகு கூசியது.

ஃப்ரெட் இருந்தபோது விரல் கம்பிக்குப் பின்னால் இருந்தால் போதும். ஃப்ரெட்லெஸ்ஸில் கம்பி இருந்த இடத்திலேயே விரல் விழ வேண்டும். குணாவின் விரல் பதினொரு வருடப் பழக்கத்தில் பின்னாலேயே விழுந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் கால் பங்கு இறங்கி நின்றது. அவர் கண்ணை வேறு மூடியிருந்தார்.

பாடகி நிறுத்தினார். மாஸ்டரைப் பார்த்தார்.

"சார், நான் யாரோட சுருதிக்குப் பாடணும்? உங்களோடதுக்கா, அண்ணாவோடதுக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். அவர் போட்டிருந்தது செருப்பு.

"குணா, என்னய்யா இது?" என்றார் மாஸ்டர். "மாடு கன்னு போடுற மாதிரி கேக்குது."

"புது டோன் மாஸ்டர். பழகிடும்."

"ஒனக்குப் பழகிடும். அவங்களுக்கு?" பாடகியைக் காட்டினார். "புதன்கிழம அடுத்த ரிஹர்சல். பழைய சத்தம் வரணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

5. ரோஸ் நிற பேஸ்

திங்கட்கிழமை குணா கடைக்கு வந்தார். லோரியைச் சாலையோரம், வண்டி நிறுத்தக் கூடாத இரட்டைக் கோட்டிலேயே நிறுத்தியிருந்தார்.

"ஃப்ரெட்ட திரும்பப் போட்டுடுங்கண்ணே."

பிடுங்கிய கம்பியைத் திரும்ப அடிக்க முடியாது, வளைந்திருக்கும். புதுக் கம்பி வர வேண்டும். பள்ளம் திறக்க வேண்டும், அடிக்க வேண்டும், சமமாக ராவ வேண்டும். பத்து நாள் ஆகும் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

வாடகைக்கு விடும் பேஸ் ஒன்று மட்டும் கடையில் இருந்தது. மிட்டாய் ரோஸ் நிறம். உடம்பில் பூனை ஸ்டிக்கர். யாரோ மகளுக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்தது. நிறத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நல்ல சாமான். கழுத்து நேர், பிக்கப் சுத்தம். எடுத்துக் கொடுத்தேன்.

குணா இரண்டு விரலால் வாங்கினார். நாலு ஸ்வரம் வாசித்தார். எல்லாம் சரியாக விழுந்தது. கீழே வைத்துவிட்டார்.

"பாப்பா வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்குண்ணே. இதப் போட்டுக்கிட்டு எப்படி மேடையில நிக்கிறது?"

"ஆம்ப்ல கலர் கேக்காது."

"ஆளுங்க பாக்குறாங்கல்ல? எந்தப் பெரிய ஆளு இத வாசிக்கிறான், சொல்லுங்க."

எனக்கு ஒருவரையும் தெரியாது. வெளியே ஹாரன் சத்தம். குணா போய்விட்டார்.

புதன்கிழமை ஃப்ரெட்லெஸ்ஸோடுதான் போனார். மூன்றாவது பாட்டில் மாஸ்டர் நிறுத்தச் சொன்னாராம். வியாழக்கிழமை கடைக்கு அன்வர் என்பவர் வந்தார். திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் வேலைக்கு இங்கே வந்தவர்.

"பாஸ், என் பேஸ ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன். மாஸ்டர் கூப்பிட்டிருக்காரு. வாடகைக்கு ஏதாச்சும் இருக்கா?"

"இதுதான் இருக்கு."

பார்த்தார். சிரித்தார். "அட, பூனை! சுருதி நிக்குமா?"

"நிக்கும்."

"போதும் பாஸ், குடுங்க."

6. பிறகு

நிகழ்ச்சியில் அன்வர் நன்றாக வாசித்தார். யாரோ எடுத்த வீடியோ எல்லார் கைத்தொலைபேசியிலும் ஓடியது. அடுத்த வாரம் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். ரோஸ் கலர் பேஸ் இருக்கிறதா, அந்த சவுண்டு தனி என்றார்கள். பூனை ஸ்டிக்கர் தனியாகக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். முதலாளி ஆறு ரோஸ் பேஸுக்கு ஆர்டர் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து குணா வந்தார். மெலிந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சும்மா இருப்பதாகச் சொன்னார். அவர் மனைவி அதை நல்லது என்றாராம். அதுதான் அவருக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

ஃப்ரெட் போட்டுக் கொடுத்தேன். பத்து நாள் ஆனது. வாங்கிக்கொண்டு தயங்கி நின்றார்.

"அண்ணே, அந்த ரோஸ் கலர் அடிச்சுக் குடுப்பீங்களா?"

"இங்க பெயின்ட் வேல இல்ல. கார் பட்டறைக்குப் போ."

போனார். இப்போது வேறொரு சின்னக் குழுவில் ரோஸ் நிற பேஸோடு வாசிக்கிறார். நான் போய்க் கேட்டேன். ஒவ்வொரு ஸ்வரமும் இடத்தில் விழுகிறது. "கலர் மாத்தினதும் சவுண்டே மாறிடுச்சுண்ணே, பாத்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

மாஸ்டர் குழுவில் இன்னும் அன்வர்தான். குணாவுக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை.

இதில் நான் சிரிக்க நிறைய இருக்கிறது, சிரித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த இருபது கம்பியையும் பிடுங்கியது என் கை. மூன்று வாரத்தில் விரல் மாறாது என்று அந்தக் கடையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். குறைவாகப் பேசுவது நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டால் அது குணம் இல்லை, சோம்பல்.

இப்போது யாராவது ஃப்ரெட்டைப் பிடுங்கச் சொல்லி வந்தால் ஒன்று கேட்கிறேன்: "அடுத்த ப்ரோக்ராம் எப்போ?" ஆறு மாதத்துக்குள் என்றால் ஏன் கூடாது என்று விளக்கிச் சொல்லி, பேஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நாலு பேரில் மூன்று பேர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். முதலாளி முன்பக்கத்திலிருந்து கத்துகிறார். கத்தட்டும்.