என் பாட்டுக்குத் துக்கம் விசாரித்தவள்

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். என் குரலே யாரோ ஆண்பிள்ளை பேசுவது போலிருந்தது. இனி பேசலாம், உச்சக் குரலில் பாட முடியாது என்றார் டாக்டர். மேனாம்பேட்டில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பத்தொன்பது வருடம் பெண்களின் முதல் வரிசையில் நின்றவள் நான்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "உயிர் பொழைச்சதே பெருசு, பாட்டு கெடக்குது" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைவலி என்று படுத்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலை எதிர் வீட்டுப் பெண் தூக்குச்சட்டியில் இட்லியோடு வந்தாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தைக்கிறவள்.

"என்ன விசேஷம்?" என்றேன்.

"சாவு ஊட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்கல்ல, அதான்."

"இங்க யாரும் சாகலையே."

"உன் பாட்டு போய்டுச்சேக்கா. நீ துணி தொவைச்சிகினே பாடுவ, நான் கேட்டுகினே சமைப்பேன். இப்ப தெருவே சத்தமில்லாம கீது. அத்த விசாரிக்கத்தான் வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைத் தட்டில் எடுத்து வைத்தாள். பிறகு, "ஆறிடும், துன்னுக்கா" என்றாள். ஆறு இட்லி தின்றேன்.

அடுத்த ஞாயிறு போதகரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி மைக் முன் நின்றேன். "செத்தாத்தான் துக்கம் விசாரிக்கப் போறோம். வேலை போனவங்க, கல்யாணம் நின்னவங்க வீட்டுக்கும் போகலாமே" என்றேன். என் கரகரப்பைக் கேட்டு முன்னால் இருந்த குழந்தைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

வெளியே ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். லாரி ஓட்டியவர், பார்வை மங்கியதால் விட்டுவிட்டாராம். "மூணு வருசமாச்சும்மா. இன்னும் கனாவுல கியர் மாத்திகினு கீறேன். ஊட்ல சொன்னா சிரிப்பாங்கோ" என்றார்.

அன்று மாலையே நானும் எதிர் வீட்டுப் பெண்ணும் சுண்டல் எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். துக்கம் விசாரிக்க வந்தோம் என்றதும் அவர் மனைவி மிரண்டுபோனார்.

"யாருக்கு இன்னா ஆச்சு?"

"லாரிக்கு" என்றாள் இவள்.

பெரியவர் இரண்டு மணி நேரம் பேசினார். பாதிக் கதை மனைவிக்கே புதிது. நாங்கள் கிளம்பும்போது அவர்தான் அடுத்த வீடு எது என்று கேட்டார், தானும் வருகிறாராம்.

பாடகர் குழுவில் ஆண்களின் கீழ்க்குரலுக்கு ஓர் ஆள் குறைந்தது. குழுத் தலைவர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். இப்போது மூன்று மீசைகளுக்கு நடுவே பட்டுச்சேலையில் நிற்கிறேன். முதல் வரிசையைப் பார்த்தால் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. யாராவது கேட்டால் வலிக்கிறது என்றே சொல்கிறேன்.