இலவச வானும் இராசநாயகமும்

சூதாட்ட விடுதிக்குள் நுழைந்தால் இராசநாயகம் ரூலெட் சக்கரத்தின் பக்கம் திரும்புவதற்கு முன் வட்டிலப்ப இனிப்பின் பக்கம்தான் போவார். இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, வாயைத் துடைத்து, மூக்குக் கண்ணாடியையும் துடைத்துக்கொண்ட பிறகே மேசைக்கு வருவார். சாப்பாடு அங்கே இலவசம். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு வர அவர் என்ன லேசுப்பட்டவரா? முப்பத்தொரு வருடம் காப்புறுதிக் கம்பெனியொன்றில் பிறருடைய நட்டங்களைக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர்.

வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் மனைவி தவமணியோடு இருக்கிறார். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, ஐயாயிரம் ரூபாவோடு புறப்படுவார். காசு முடிந்தால் எழும்பி நேரே வீட்டுக்கு வரவேண்டும். முடியாவிட்டாலும் ஐந்து மணிக்கு எழும்பவேண்டும். இதுதான் சட்டம். "படம் பாக்கப் போறவை ரிக்கற் காசைத் திருப்பிக் கேக்கினமே?" என்று தோற்ற காசுக்கு நியாயம் சொல்லுவார்.

சட்டம் சும்மா வந்ததல்ல. போன வருடம் ஒருநாள் ஐயாயிரத்தையும் தோற்றுவிட்டு மேசையை விட்டு எழும்பத்தான் செய்தார். ஆனால் வாடிக்கையாளரை வீடுவரை கொண்டுபோய் விடும் இலவச வான் ஆறரைக்குத்தான் புறப்படும். ஓசி வானை விட்டுவிட்டு பஸ்ஸுக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. காத்திருந்தார். காத்திருக்கிறவனின் கை சும்மா இருக்குமா? பணம் எடுக்கும் மெஷினுக்கு மூன்று தரம் போய்வந்தார். தவமணியின் கண் ஒப்பரேஷனுக்கு வைத்திருந்த ஒன்றேமுக்கால் லட்சமும் போனது. வானில் சொகுசாக வந்து இறங்கினார்.

தவமணி சத்தம் போடவில்லை. அவரை வைத்துக்கொண்டே அக்கம்பக்கத்தாருக்கு ஒரே வசனம்தான் சொன்னாள்: "அம்பது ரூபா பஸ் காசை மிச்சம் பிடிக்க ஒண்டேமுக்கால் லட்சம் குடுத்திட்டு வந்தவர்." அதன் பிறகு ஒரு வருடம் அவள் அரிசிக்குள் கல்லை விரலால் தடவித் தேடினாள். பக்கத்திலிருந்து அதைப் பார்ப்பது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. வங்கி அட்டை அவளுடைய அலுமாரிக்குப் போய்விட்டது.

போன சனிக்கிழமை அந்த அட்டையைத் தவமணியே எடுத்து அவருடைய சட்டைப் பையில் வைத்தாள். ஒப்பரேஷன் காசு மறுபடி சேர்ந்துவிட்டது, திங்கட்கிழமை கட்டவேண்டும், வரும் வழியில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். மறந்துபோய்ச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா என்று அவர் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அன்று நாற்பது நிமிடத்தில் ஐயாயிரமும் கரைந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவருக்குப் பிடித்த பதினேழாம் இலக்கம் வெகுநேரமாக விழவே இல்லை. இனி விழத்தான் வேண்டும் என்று உள்ளே ஏதோ அரித்தது. அப்படி ஒரு கட்டாயமும் சக்கரத்துக்கு இல்லை என்பது காப்புறுதிக்காரருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கை ஒருமுறை சட்டைப் பையைத் தொட்டது. மேசைகளைக் கவனிக்கும் கொட்டாஞ்சேனைச் சிவானி அன்பாகத்தான் சொன்னாள்: "அங்கிள், வானுக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிட்ட இருக்கு. மழை வேற. இருந்திட்டுப் போங்களேன்."

இராசநாயகம் எழும்பினார்.

"இல்லைப் பிள்ளை, எனக்கு அந்த வான் விலை கூட."

குடை இல்லாமல் பஸ் ஓடும் காலி வீதிக்கு நடந்து, நிற்க மட்டும் இடமிருந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். கண்டக்டர் கேட்குமுன்பே காசை நீட்டினார். வாழ்நாளில் எந்த ரிக்கற்றையும் அவர் அத்தனை சந்தோஷமாக வாங்கியதில்லை. பம்பலப்பிட்டியில் யாரோ காலை மிதித்தார்கள். அவர்களைப் பார்த்தும் சிரித்தார். வெள்ளவத்தையில் இறங்கி, வங்கி வாசலில் இருந்த மெஷினில் ஒப்பரேஷன் காசை எடுத்து, மூன்று மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினார்.

ஐந்தேகாலுக்கே வந்து நிற்கும் மனிதரைக் கண்டு தவமணி கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

"முழுக்கத் தோத்துப்போனன், தவமணி," என்றார், லொத்தர் விழுந்தவரைப்போல.

அவள் முகம் வெளிறுவதற்குள், நனைந்த சட்டைக்குள்ளிருந்து நோட்டுக் கட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கி மூடினார்.