எறிகிற கையில் வளையல்

நேற்றைய சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு வராதவர்களுக்காக எழுதுகிறேன். படித்ததும் பெஞ்சில் அடுத்தவளுக்குத் தள்ளுங்கள். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நான் பந்து எறியப் போனதும் எதிர் அணி ஊத்துக்கோட்டைப் பெண்கள் என் வளையலைக் காட்டி அம்பயரிடம் முறையிட்டார்கள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அடிப்பவரின் கவனத்தைக் கலைக்கும் எதையும் எறிபவர் கையில் அணியக்கூடாதாம். எதெது கலைக்கும் என்று அதில் இல்லை.

"வளையல் எப்டி சார் கலைக்கும்? எல்லாப் பொண்ணும்தான் போட்டுக்கினு இருக்குது" என்றார் நம் பி.டி. டீச்சர்.

அம்பயர் மட்டையோடு நின்றவளையே கேட்டார்.

"ஒரே சத்தம் சார், பேஜாரா கீது" என்றாள் அவள், தன் இரண்டு கை வளையலும் குலுங்க.

கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினேன். அதுவும் அணிவதுதான் என்றார் அம்பயர். சோப்புப் போட்டும் வளையல் கழலவில்லை.

"உடைச்சிடும்மா. இல்லாட்டி வேற ஆளை அனுப்பச் சொல்லு" என்றார்.

அக்காவின் வளைகாப்பில் எனக்கும் போட்ட வளையல்கள் அவை. குழந்தை பிறக்கிறவரை உடையவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

கல்லால் தட்டி உடைத்தேன். அழுகை வரவில்லை. ஜெயித்தோம். சந்தோஷமும் வரவில்லை.

ராத்திரி சோறு வேண்டாமென்று சொல்லி, கையைத் தாவணிக்குள் வைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடி, உன் வளையல் சத்தமே காணோம்?" என்றாள் அம்மா.

தூக்கம் வருகிறது என்று படுத்துவிட்டேன்.

இன்று ஒருநாள் எப்படியாவது கையை மறைத்துவிடுவேன். யாரிடமாவது பச்சைக் கண்ணாடி வளையல் இருந்தால் நாளை கொண்டுவாருங்கள். நன்றாகச் சத்தம் போடுவதாக இருக்கட்டும்.