மொய்யை நம்பி அடுப்பு மூட்டினேன்

கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவனுக்குச் சாம்பார் கொதிப்பதைவிட வயிறு கொதிப்பதுதான் அதிகம். பந்தல்காரர், பூக்காரர், மேளக்காரர் எல்லாருக்கும் இது தெரியும். திண்டிவனத்தில் நான் தொழில் செய்கிறேன். என் ஏற்பாடு ரொம்ப எளிது. தேதி சொல்லும்போது முன்பணம், பத்து நாள் முன்னால் மளிகைக்குப் பாதி, முதல் நாள் காய்கறி இறங்கும்போது மீதி. இது மட்டும் படித்தவர் மண்டையிலும் ஏறாது, படிக்காதவர் மண்டையிலும் ஏறாது.

மேலே பறந்த பணம்

விழுப்புரத்தில் ஒரு மாப்பிள்ளை வீடு. வரவேற்புச் சாப்பாடு அவர்கள் செலவு. அறுநூறு பேர். மளிகைப் பணம் "இன்னிக்கு, நாளைக்கு" என்றே பத்து நாளும் ஓடியது. கடன் சொல்லி நானே சாமான் இறக்கினேன். வரவேற்பன்று மதியமும் பணம் வரவில்லை. ட்ரோன் கேமராக்காரருக்கு மட்டும் மூன்று மாசம் முன்னாலேயே முழுசாகக் கொடுத்திருக்கிறார்கள்!

அடுப்பைப் பற்றவைக்காமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அரை மணியில் பணம் வந்தது. கொண்டுவந்தவர் பெண்ணின் அப்பா. தலையைக் குனிந்தபடி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கே கூசியது. மாப்பிள்ளைக்குக் கூசவில்லை. பக்கத்தில் நின்று சொன்னான்: "சாப்பாடு இன்னிக்கே ஜீரணமாயிடும் சார், வீடியோ அப்டியா?"

ஒரு மொய், நாலு பேர்

கிளியனூர்ப் பக்கம் ஒரு விவசாயி, சொந்த நிலம் உள்ளவர். மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்ததோடு சரி. "மீதி மொய்யில தர்றேன்" என்றார். நம்பினேன். தாலி கட்டி முடிந்ததும் மொய் எழுதும் மேசைக்குப் போனால், மண்டபத்து மேனேஜர், பந்தல்காரர், நகைக்குக் கடன் கொடுத்த விவசாயியின் சொந்த அண்ணன், மூன்று பேரும் ஏற்கெனவே அங்கே நிற்கிறார்கள். எல்லாருக்கும் அதே மொய்! ஒவ்வொரு கவர் பிரிக்கும்போதும் நாலு கழுத்தும் நீண்டது. கடைசியில் அண்ணன் மொய்ப் பணப் பையோடு பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

விவசாயி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற பிறகு, நாலு மாசம் கழித்துத்தான் எனக்குப் பணம் வந்தது. அன்றைக்கு மண்டபத்திலே நான் சத்தம் போட்டபோது அவர் நிதானமாகக் கேட்டார்: "மொய்யில தர்றேன்னுதானேங்க சொன்னேன், எல்லாருக்கும் பத்தும்னா சொன்னேன்?"

கண்டாச்சிபுரத்து அம்மா

களை எடுக்கப் போகிற ஒரு அம்மா. மகள் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாலேயே புருஷனோடு வந்து, "எரநூறு பேருக்கு எவ்ளோ ஆவும்ணா? எப்பெப்ப குடுக்கணும்?" என்று கேட்டார். இந்தத் தொழிலில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அதன் பிறகு மாசாமாசம் பஸ் ஏறி வந்து கொடுத்தார். ஒரு மாசம் மழையில் வேலையே இல்லை. அப்போதும் வந்தார், ஐந்நூறு ரூபாயோடு.

கல்யாணத்துக்கு முதல் நாள் மீதியைக் கொண்டுவந்தார். கையில் வேறு காசு இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, "இருக்கட்டும்மா, கல்யாணம் முடிஞ்சி வாங்கிக்கறேன்" என்றேன். அவர் பணத்தை என் கையில் வைத்து அழுத்தினார்: "சம்பந்தி வூட்டாரு பந்தில சாப்ட்டுக்கினு இருக்கறப்ப நீங்க வந்து எங்கிட்ட காசு கேட்டா, எம் பொண்ணு காலத்துக்கும் அந்தப் பேச்ச கேக்கணும்ணா."

தாலி கட்ட நாள் பார்க்க நாலு ஜோசியரிடம் அலைகிறவர்கள், சமையல்காரனுக்குப் பணம் கொடுக்கும் நாளை மட்டும் சமையல்காரனையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார்கள்.