வேரை எடுத்தா பல்லு நிக்குமா?

திண்டிவனம் வட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் முதல் போன் சகாயராஜுக்குத்தான் வரும். அவன் ட்ரம்பெட் ஊதாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுவான். பதினெட்டு வருடமாக அவன் பக்கத்தில் டிரம் அடிப்பவன் நான், புகழேந்தி. ஓமந்தூர் பக்கம் ஒரு காணியில் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், போடுகிறேன். அந்த மல்லாட்டை புத்திதான் அவனைக் கெடுத்தது.

வல்லம் பக்கம் ஒரு சாவு. முச்சந்தியில் பாடையைத் திருப்பும்போது மூங்கில் முனை ட்ரம்பெட்டில் இடித்து, ஊதுகிற முனை அவனுடைய மேல் முன்பல்லில் மோதியது. ரத்தம் வரவில்லை, பல்லும் ஆடவில்லை. சுடுகாடு வரை ஊதினான். நான்கு மாதம் கழித்துத்தான் அந்தப் பல்லில் சூடான டீ பட்டால் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. டீ குடித்து அரைமணி நேரம் ஆனாலும் வலி விடாது. அவன் மனைவி அமல்ராணி நச்சரித்து, பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கும் பல் டாக்டர் அஸ்வினியிடம் அனுப்பினாள். திரும்பி வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ரூட் கேனல் பண்ணணுமாம் மச்சான். வேர் சிகிச்சையாம். உள்ள இருக்கிறத எடுத்துட்டு அடைச்சிடுவாங்களாம்."

"எத எடுப்பாங்க? வேரயா?"

"அப்பிடித்தான் போல."

நான் சிரித்தேன். பெரிய மேதாவி பாருங்கள்! "டேய், மல்லாட்டைச் செடிய வேர அறுத்துட்டு நட்டா நிக்குமாடா? வேர எடுத்தா பல்லு எப்பிடி நிக்கும்? முன்பல்லு போச்சுன்னா நீ இன்னாத்த ஊதுவ? பேசாம இரு."

பேசாமல் இருந்தான். கிராம்புத் தைலம் தடவினான், மாத்திரை போட்டான். மூன்றாவது வாரம் வலி சுத்தமாக நின்றுவிட்டது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று மார்தட்டினேன். அவன் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தான். அதன்பின் பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமானது. பீடிக் கறை என்று நினைத்தோம். ஈறில் அவ்வப்போது ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, சீழ் வடிந்து அடங்கும். வலிதான் இல்லையே! வலிக்காத பல்லுக்கு எவன் டாக்டரிடம் போவான்?

மூன்று வருடம் ஓடியது. போன தவக்காலத்தில் முகையூரில் ஊதும்போது அந்தப் பல் ஆடியது. பக்கத்துப் பல்லும் சேர்ந்து ஆடியது. மறுநாள் நானே அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அஸ்வினி டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். வேர் நுனியைச் சுற்றி, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில், கொட்டைப்பாக்கு அளவுக்குக் கறுப்பாக இருந்தது.

"வலி நின்னது கொணமானதால இல்லைங்க. உள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சு. செத்தது எப்பிடி வலிக்கும்? அது உள்ளயே அழுகி, சீழ் பிடிச்சு, எலும்ப அரிச்சிருக்கு. ரெண்டு பல்லையும் எடுத்துடணும்."

"அன்னிக்கே வேர எடுத்திருந்தா மட்டும் பல்லு நின்னிருக்குமா மேடம்?" என்று கேட்டேன்.

"வேர யாருங்க எடுக்கிறாங்க? வேர் எலும்புலயேதான் இருக்கும். அதுக்குள்ள சின்னதா ஒரு குழாய் மாதிரி போகும். அதுல கெட்டுப்போன நரம்ப மட்டும் எடுத்து, சுத்தம் பண்ணி அடைக்கிறதுதான் ரூட் கேனல். பல்ல காப்பாத்தறதுக்குத்தான் அதையே பண்றோம். டீ குடிச்சப்புறமும் வலி நிக்கலன்னு வந்தாரே, அப்பவே பண்ணியிருந்தா இன்னும் பல வருஷம் ஊதியிருப்பாரு."

சகாயராஜ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பற்கள் போயின. கட்டுப்பல் போட்டு ஊதிப் பார்த்தான். அழுத்தினால் பல் நகர்ந்துவிடும், காற்று ஓரமாகப் புஸ்ஸென்று போய்விடும். ஸ்க்ரூ வைத்துப் பல் கட்டலாமா என்று விழுப்புரம் வரை போய்க் கேட்டோம். அரித்துப்போன எலும்பு அந்த அழுத்தத்தைத் தாங்காது என்று கைவிரித்துவிட்டார்கள். ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டான். போன் வந்தால் எடுப்பதில்லை.

போன வாரம் அவன் மாமனார் பாக்கியசாமி இறந்துபோனார். "நான் போனா நீதான் ஊதி அனுப்பணும் மாப்ள" என்று எத்தனையோ முறை சொன்ன மனுஷன். பெட்டியைத் தூக்கும்போது எல்லோரும் வழக்கம்போல் சகாயராஜைப் பார்த்தார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அமல்ராணி தலைவிரி கோலமாக ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எவன் எவன் சாவுக்கோ போயி ஊதினியே, எங்கப்பனுக்கு ஊத முடியாம நிக்கிறியே! அன்னிக்கு டாக்டரு சொல்லியும் கேக்கலியே! போவாதன்னு எந்தப் பாவி உனக்குச் சொன்னான்?"

நான் இரண்டடி தள்ளி, டிரம்மை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"யாரும் சொல்லல. நானாதான் நெனச்சிக்கினேன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அடி புகழு, நேரமாவுது" என்றான்.

குச்சியை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன்.