கஞ்சி வாளியும் கைப்பிடி ரப்பரும்

சைக்கிளின் கைப்பிடிக்குப் புது ரப்பர் வாங்கி, இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு மாட்ட உட்கார்ந்தேன். எவ்வளவு தள்ளியும் பாதிக்கு மேல் ஏறவில்லை.

"சவர்க்காரத் தண்ணி போட்டுத் தள்ளுங்க. காய்ஞ்சா இறுகிரும்" என்றார் மனைவி.

பக்கத்து வீட்டு ராசிக் காக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அதெல்லாம் சரிவராது தம்பி. தேங்காயெண்ண பூசுங்க."

பூசினேன். ஒரே தள்ளில் ஏறியது. மனைவியை ஒரு பார்வையும் பார்த்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி, வாளியைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு வந்தேன். சந்தியில் திரும்பும்போது ரப்பர் வழுக்கிக் கழன்றது. வாளியும் போனது, நானும் விழுந்தேன்.

ஓடிவந்த ஒருவர் என்னைத் தாண்டிப் போய் வாளியைத் தூக்கினார். "அல்லாஹ்! கஞ்சி முழுக்க ஊத்துண்டு போச்சா?"

வீட்டில் மனைவி பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் எடுத்து வைத்தார்.

நோன்பு திறக்கும் பாங்குக்குச் சற்று முன், ராசிக் காக்கா தங்கள் வீட்டுக் கஞ்சியில் பாதியைக் கொண்டுவந்து தந்தார். போகும்போது சைக்கிளின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"எண்ண காணாது தம்பி. இன்னும் கொஞ்சம் பூசியிருக்கணும்."

கையில் அவருடைய கஞ்சி. இதற்கு என்ன பதில் சொல்லலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.