மணி வைத்துத் தைத்த பந்து

அம்மை போட்டு இரண்டு கண்ணும் போனபோது எனக்குப் பதினேழு வயது. அதுவரை ஸ்கூல் டீமில் ஃபுட்பால் ஆடியவன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே காவிரி. தடுமாறிப் போய் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில், அண்ணன் கடைக்குக் கிளம்பும்போது என் அறையை வெளியே தாழ் போட்டுவிடுவார். சோறு வைக்க மட்டும் அம்மா திறப்பாள். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த அறைதான் எனக்கு ஊர், உலகம் எல்லாம்.

பிறகு திருச்சியில் பார்வையில்லாதவர்களுக்கான பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். அங்கேயும் நாலு பக்கமும் மதில், வாசலில் பூட்டு. ஆனால் உள்ளே பந்து ஆடினார்கள்! பழைய பந்தைச் சுற்றிச் சலங்கை மணிகளை வைத்துத் துணியால் தைத்திருந்தார்கள். பந்தை எடுக்கப் போகிறவன் "வரேன், வரேன்" என்று சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். இல்லையென்றால் மண்டை மோதிக்கொள்ளும். கோலுக்குப் பின்னால் ஒருவர் தகரத்தைத் தட்டித் திசை காட்டுவார். கோல் காப்பவருக்கு மட்டும் கொஞ்சம் பார்வை உண்டு. முதல் நாள் மணிச் சத்தம் காலடியில் வந்தும் எனக்குக் கால் எழவில்லை. அப்புறம் அதுவே பைத்தியமாகிவிட்டது.

லீவுக்கு அப்படியொரு மணிப்பந்தோடு வீட்டுக்கு வந்தேன். மறுபடி தாழ். ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கொல்லைக்குக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒரு தடவை கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடிப் பாருங்க."

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்றவர், துண்டால் கட்டிக்கொண்டார். நான் பந்தை உருட்டினேன். துவைக்கிற கல்லில் அவர் முட்டிக்கொள்வது கேட்டது.

"டேய், எங்கடா இருக்கே?" அவர் குரலில் அப்படியொரு பயத்தை நான் கேட்டதே இல்லை.

"அவிழ்க்காதீங்க. என் குரலைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

வந்தார். என் தோளைப் பிடித்தவர் விடவில்லை. "மூச்சு முட்டுதுடா. எப்பவும் இப்படித்தான் இருக்குமா உனக்கு?"

"ஆடறப்ப இருக்காது அண்ணே. நீங்க தாழ் போடறப்பதான் இருக்கும்."



மறுநாள் தாழ் போடாமலே கடைக்குப் போனார். நான் வாசல் வரை வந்தேன். மாட்டுவண்டி, சைக்கிள் மணி, யார் யாரோ பேச்சு. எது எவ்வளவு தூரம் என்று பிடிபடவில்லை. படி இறங்கத் தைரியம் வராமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த லீவில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போனேன். அதற்கு மேல் போகவில்லை.